ஃப்ரான்ஸ் கனால்ல நாமளே படகு ஓட்டுறது எப்படி? (கயிறு விஷயத்தை மட்டும் ரெண்டு தடவ படிங்க)

போன ஜூன்ல காலேஜ் செட் ஆறு பேரு தெற்கு ஃப்ரான்ஸ்ல கனால் டு மிதில ஒரு வாரம் படகு ஓட்டிட்டு வந்தோம். ஆலப்புழா ஹவுஸ்போட் மாதிரி ஓட்ட ஆள் வருவாங்களான்னு எங்க அம்மா உட்பட எல்லாரும் கேட்டாங்க. வர மாட்டாங்க, நாமதான் ஓட்டணும், சமைக்கணும், பாத்திரமும் கழுவணும். விசா, ஃப்ளைட் பத்தியெல்லாம் எழுதல, அதுக்கு ஊர்ப்பட்ட பேர் இருக்காங்க.

1. எங்க ஆரம்பிக்கணும்

துலூஸ் நகரத்துல இருந்து கடலோர ஏரி வரைக்கும் இந்தக் கனால் மொத்தம் 240 கிலோமீட்டர், ஒரு வாரத்துல முழுசா போக ஆசைப்படாதீங்க. ஸ்பீடு லிமிட்டே மணிக்கு 8 கிலோமீட்டர்தான், அதுக்கு மேல போனா அலை அடிச்சு கரை அரிச்சிடும். நாங்க ஓம்ப்ஸ்ங்கிற ஊர்ல ஏறி ட்ரெப்ங்கிற ஊர் வரைக்கும் போயிட்டுத் திரும்பினோம், 30 கிலோமீட்டருக்குள்ளதான், ஆனா வழி பூரா லாக் (படகை ஏத்தி இறக்குற கதவு வெச்ச தொட்டி, கீழ 3ல சொல்றேன்). என்னைக் கேட்டா முதல் தடவ போறவங்க ஆர்ஜென்ஸ்ல இருந்து பெசியே பக்கம் போங்க, 54 கிலோமீட்டருக்கு ஒரு லாக் கூட கிடையாது. இது எங்களுக்குத் திரும்பி வந்தப்புறம்தான் தெரிஞ்சுது.

2. ஓட்டுறது

லைசென்ஸ் வேணாம், வாடகைக்குத் தர்றவங்களே சொல்லிக்குடுத்துட்டு ஒரு தற்காலிக பேப்பர் குடுப்பாங்க. பிரேக் கிடையாது, லிவரை ரிவர்ஸ்ல போட்டாதான் நிக்கும். ஸ்டியரிங் திருப்பினா ரெண்டு செகண்ட் ஒண்ணுமே நடக்காது, அப்புறம்தான் திரும்பும். அந்த ரெண்டு செகண்ட் பொறுக்காம இன்னும் திருப்புனீங்கன்னா பாம்பு மாதிரி போவீங்க. அரை மணி நேரத்துல பழகிடும்.

3. லாக் (இங்கதான் மாட்டினோம்)

லாக்னா தண்ணித் தொட்டி. உள்ள போனதும் கதவைச் சாத்தி, மேல ஏறணும்னா தண்ணியை நிரப்புவாங்க, இறங்கணும்னா வடிப்பாங்க. 1681ல வேலை முடிஞ்ச கனால் இது, நேர் சுவரா கட்டின ஒரு லாக் இடிஞ்சு விழுந்ததால முட்டை ஷேப்ல கட்டினாங்க. வளைஞ்ச சுவரோட படகு ஒட்டி நிக்காது, அதனால கயிறுதான் எல்லாமே.

நாங்க பண்ணின முதல் தப்பு, ஆறு பேரும் படகுல உக்காந்துக்கிட்டே உள்ள போயிட்டோம். நிமிர்ந்து பாத்தா சுவர் தலைக்கு மேல நிக்குது, கயிறு மாட்டுற இரும்புக் கட்டை மேல இருக்கு. கீழ இருந்து கயித்தை வீசுறோம் வீசுறோம், ஒவ்வொரு தடவையும் நனைஞ்சு எங்க மூஞ்சிலயே விழுது. பின்னாடி வந்த படகுல ஒரு பெரியவர் ஒயின் கிளாஸோட வேடிக்கை பாத்துட்டு இருந்தாரு.

சரியான முறை: மேல ஏறுறப்ப லாக்குக்கு முன்னாடியே கரையோரம் ஒதுக்கி ரெண்டு பேரை இறக்கி விட்டுடுங்க. அவங்க நடந்து மேல போய் நிக்கட்டும், நீங்க உள்ள வந்ததும் கயித்தைத் தூக்கிப் போடுங்க. அவங்க அதைக் கட்டையில சுத்தி நுனியைத் திரும்ப உங்க கையிலயே குடுக்கணும். முன் கயிறு முக்கியம், ஏன்னா தண்ணி முன்பக்கக் கதவுல இருந்து பாய்ஞ்சு படகோட மூக்கைத் தள்ளும். படகு ஏற ஏற கயிறு தொளதொளன்னு ஆகும், இழுத்துக்கிட்டே இருங்க.

முடிச்சு மட்டும் போடவே போடாதீங்க. திரும்பி வர்றப்ப, அதாவது இறங்குறப்ப, நண்பன் ஒருத்தன் கை வலிக்குதுன்னு பின் கயித்துல முடிச்சு போட்டுட்டு செல்ஃபி எடுக்கப் போயிட்டான். தண்ணி இறங்குது, படகு இறங்கல. பின்பக்கம் கயித்துல தொங்க, கிச்சன்ல வெச்சிருந்த ரசம் குண்டான் வழுக்கிட்டுப் போய் பெட்ல கவுந்துது. லாக் பாத்துக்கிற அம்மா கத்தின கத்துல ஒரு வார்த்தை புரியல, ஆனா எல்லாம் புரிஞ்சுது. அவங்க தண்ணியை நிறுத்தி மறுபடி கொஞ்சம் ஏத்தினதும்தான் முடிச்சை அவுக்க முடிஞ்சுது.

கை உறை எடுத்துட்டுப் போங்க, ஹார்டுவேர் கடையில கிடைக்கிற ரப்பர் பூசினது போதும், ஸ்போர்ட்ஸ் கடை க்ளவுஸ் வேஸ்ட்.

4. சாப்பாடு, ராத்திரி

மதியம் ஒரு மணி நேரம் போல லாக்கையே பூட்டிடுவாங்க, எல்லாருக்கும் சாப்பாட்டு நேரம். அந்த டைம்ல நீங்களும் சமைச்சுக்கோங்க. ஞாயிறு மதியத்துக்கு மேல கிராமத்துல கடை இருக்காது, பல ஊர்ல திங்களும் லீவு, அரிசி பருப்பு கைவசம் இருக்கட்டும். ராத்திரி கரையில எங்கயாவது நிறுத்தணும்னா படகுல இருக்கிற இரும்பு முளையைச் சுத்தியலால அடிச்சு அதுல கட்டுங்க, மரத்துல கட்டக்கூடாது. கரையோரம் வரிசையா நிக்கிற பிளேன்ங்கிற நிழல் மரங்களுக்கு ஏதோ பூஞ்சை நோய் வந்து ஆயிரக்கணக்குல வெட்டியிருக்காங்க, சில இடத்துல நிழலே இல்ல, தொப்பி வேணும்.

அப்டேட்: கமென்ட்ல ஒருத்தர் காபெஸ்தாங் பாலத்துக்கு அடியில படகோட மேல்தளத்துக் குடை மாட்டிக்கிச்சுன்னு எழுதியிருந்தாங்க. ஆமா, நான் சொன்ன ஆர்ஜென்ஸ்-பெசியே ரூட்டுல அதுதான் தாழ்வான பாலம். குடையை மடக்கிடுங்க, சைக்கிள மேல நிக்க வெக்காதீங்க, எல்லாரும் உக்காந்துக்கோங்க. இன்னொருத்தர் டிசம்பர்ல போலாமான்னு கேட்டிருந்தாங்க. குளிர்காலத்துல ரிப்பேர் வேலைக்காக கனாலையே மூடிடுவாங்க, ஏப்ரல்ல இருந்து அக்டோபருக்குள்ள பாருங்க, மே 1 அன்னிக்கு மட்டும் லாக் லீவு.