இன்டர்லேண்ட் விளையாட்டைக் கொண்டு ஒரு பாடவேளை நடத்துவது எப்படி?

கூகுள் நிறுவனம் 2017இல் வெளியிட்ட இன்டர்லேண்ட், இணையத்தில் பொறுப்போடு நடந்துகொள்வதைப் பிள்ளைகளுக்குப் பழக்கும் இலவச விளையாட்டு. உலாவியிலேயே ஓடும், கணக்குத் தொடங்கவோ மாணவரின் பெயரைக் கொடுக்கவோ வேண்டியதில்லை என்பதால் பள்ளிக்கு ஏற்றது. கடவுச்சொல் பாதுகாப்பு, போலித் தகவலை இனங்காணல், அளவோடு பகிர்தல், பிறரிடம் கனிவு ஆகிய நான்கிற்கும் தனித்தனிப் பகுதிகள் உள்ளன. முதன்முறை நடத்தும் ஆசிரியர், பகிர்தலைப் பற்றிய மலைப் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்வது நல்லது. நான்கையும் ஒரே பாடவேளையில் முடிக்க முயன்றால் விளையாட்டு நடக்கும், பாடம் நடக்காது.

படி 1: முன்தயாரிப்பு

எந்தக் கணினியில் மாணவர்கள் விளையாடப் போகிறார்களோ, அதே கணினியில் முந்தைய நாளே முழுப் பகுதியையும் விளையாடிப் பாருங்கள். பழைய கணினிகளில் படம் திணறக்கூடும். அப்படியானால் புரொஜெக்டரில் ஒன்றை மட்டும் ஓடவிட்டு, வகுப்பே சேர்ந்து முடிவெடுக்கும்படி நடத்தலாம். ஆங்கிலத்தில் வரும் கேள்விகளை எளிய தமிழில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஆங்கிலம் தெரிந்த நான்கு பேர் மட்டுமே விடை சொல்வார்கள்.

படி 2: இருவர் இருவராக அமர்த்துதல்

ஒருவர் மவுஸைப் பிடிக்க, மற்றவர் கேள்வியைப் படித்து விடையைத் தீர்மானிக்க வேண்டும். சில நிமிடங்களுக்குப் பிறகு இடம் மாற வேண்டும். யார் முதலில் முடித்தார்கள் என்ற போட்டியை வைக்காதீர்கள். வேகம் வந்துவிட்டால் கேள்வியை யாரும் படிப்பதில்லை.

படி 3: பாதியில் நிறுத்துதல்

பாடத்தின் உயிர் இந்தப் படியில்தான் இருக்கிறது. மலைப் பகுதியில் நாம் அனுப்பும் செய்தி ஓர் ஒளிக்கற்றையாகப் பாய்ந்து, பரப்புகளில் பட்டுத் திரும்பி, உரியவரைச் சென்றடைய வேண்டும். கோணம் தவறினால் வேறு யாரிடமோ போய்விடும். மாணவர்கள் ஓரிரு முறை தவறவிட்டதும் எல்லாத் திரைகளையும் நிறுத்தச் சொல்லிவிட்டு, கரும்பலகைக்கு வாருங்கள். ஆண்டு விழாவில் எடுத்த படம் ஒன்றை அம்மா குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார், அதை மாமா தம் ஸ்டேட்டஸில் வைக்கிறார், அதை அவருடைய அலுவலக நண்பர்கள் பார்க்கிறார்கள் என்று அம்புக்குறிகளால் வரைந்து, "இதில் எத்தனை பேரை உங்களுக்குத் தெரியும்?" என்று கேளுங்கள்.

அடுத்து, ஒவ்வொருவரும் தம் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைக் கையில் எடுக்கட்டும். பள்ளியின் பெயர், வகுப்பு, தந்தையின் கைப்பேசி எண், பல பள்ளிகளில் வீட்டு முகவரி, இரத்த வகை வரை அதில் அச்சாகியிருக்கும். படத்தில் அந்த அட்டை தெளிவாக விழுந்திருந்தால் முன்பின் தெரியாத ஒருவர் என்னென்ன அறிந்துகொள்ள முடியும் என்பதை மாணவர்களே பட்டியலிடட்டும். பேச்சு சூடுபிடித்தால் விளையாட்டுக்குத் திரும்ப அவசரப்படாதீர்கள்.

இந்த இடத்தில் ஆசிரியர்களாகிய நமக்கும் ஒரு சங்கடம் உண்டு. வகுப்பு நிகழ்ச்சிப் படங்களை அட்டையோடும் சீருடையோடும் முதலில் பகிர்வது பெரும்பாலும் நாம்தான். 18 வயதுக்கு உட்பட்டவரின் தரவைக் கையாள, சரிபார்க்கத்தக்க பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்பதை இந்தியாவின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பொது விதியாக வைத்திருக்கிறது. மாணவர்கள் இதைச் சுட்டிக்காட்டினால் மழுப்பாமல் பதில் சொல்லுங்கள்.

படி 4: மீண்டும் விளையாடுதல்

இப்போது அதே பகுதியைத் தொடரச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறை ஒளியை அனுப்பும் முன்னும், அது யாரிடம் போக வேண்டும், ஏன் என்று பக்கத்தில் இருப்பவரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது மட்டுமே புதிய விதி.

படி 5: மதிப்பீடு

விளையாட்டில் பெற்ற புள்ளிகளை மதிப்பெண்ணாக்காதீர்கள். அவை விரல் வேகத்தையும் சேர்த்தே அளக்கின்றன. அதற்குப் பதிலாக, "பள்ளிச் சீருடையில் எடுத்த படத்தை அனுப்பும்படி இணைய விளையாட்டில் பழகிய ஒருவர் கேட்டால் என்ன செய்வாய்?" என்பதற்கு மூன்று வரியில் விடை எழுதி வாங்குங்கள். மறுத்தால் மட்டும் போதாது, வீட்டிலோ பள்ளியிலோ யாரிடம் சொல்வார்கள் என்பதும் விடையில் இருக்க வேண்டும். இணைய மோசடியில் பணம் பறிபோனால் அழைக்க வேண்டிய 1930, குழந்தைகளுக்கான 1098 ஆகிய உதவி எண்களைக் குறிப்பேட்டின் உள்ளட்டையில் எழுத வைத்து, அன்றே வீட்டில் காட்டச் சொல்லுங்கள்.