பண்பாட்டை மிரட்டலாக்க வேண்டாம்: பிள்ளை வளர்ப்பில் நாம் செய்யும் தவறுகள்

குறும்பு செய்யும் பிள்ளையிடம் "இப்படியே இருந்தால் ஊரில் பாட்டியிடம் கொண்டுபோய் விட்டுவிடுவேன்" என்று ஒருமுறையாவது சொல்லாத வெளிநாட்டுத் தமிழ்ப் பெற்றோர் குறைவு. சொன்னவருக்கு அது அந்த நேரத்துக் கோபம், அரை மணி நேரத்தில் மறந்துவிடும். ஆனால் பிள்ளையின் மனத்தில் ஊர் என்பது தண்டனைக்குரிய இடமாகவும், பாட்டி அந்தத் தண்டனையை நிறைவேற்றுபவராகவும் பதிந்துவிடுகிறார்கள். கோடை விடுமுறைக்குப் பயணச்சீட்டு எடுத்த பிறகு அதே பெற்றோர் ஊரைப் பற்றியும் உறவுகளைப் பற்றியும் பெருமையாகப் பேச, பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொள்கிறது என்றால், அதைப் பிள்ளையின் திமிர் என்று எண்ணுவது நியாயமில்லை.

தமிழ்நாட்டிலேயே வாழும் குடும்பங்களில் இந்தத் தவறு வேறு உருவத்தில் வருகிறது. "ஒழுங்காகப் படிக்காவிட்டால் தமிழ் மீடியத்தில் சேர்த்துவிடுவேன்", "மாடு மேய்க்கத்தான் போகப்போகிறாய்" என்ற பேச்சுகளைக் கேட்டு வளரும் பிள்ளை, தாய்மொழியில் படிப்பதையும் கையால் உழைப்பதையும் தோற்றவர்களின் கதி என்றே புரிந்துகொள்கிறது. மாட்டுப் பொங்கலன்று அதே பிள்ளையை மாட்டுக்குப் பொட்டு வைக்கச் சொல்லிப் படம் எடுப்பதால் அந்தப் புரிதல் மாறிவிடாது. பண்பாடு பிள்ளையிடம் போய்ச் சேராததற்கு நான் காணும் முதல் காரணம், அதை நாமே மிரட்டலாகவும் தேர்வாகவும் காட்சிப் பொருளாகவும் ஆக்கிவிடுவதுதான்.

மொழியை எடுத்துக்கொள்வோம். விமான நிலையத்தில் நான் நேரில் பார்த்த ஒரு காட்சி இன்னும் மனத்தைவிட்டு அகலவில்லை. இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு பேரனைப் பார்த்த தாத்தா கண்கலங்கி நிற்க, ஐந்து வயதுப் பையன் அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு "தாத்தா, நீ ஏன் அழுற?" என்று கேட்டான். பெரியவர் பூரித்துப்போனார். ஆனால் பையனின் அம்மா, "தாத்தாவைப் போய் நீன்னு சொல்லலாமா? மரியாதை தெரியாதா?" என்று எல்லோர் முன்னிலையிலும் அதட்டினார். அதன் பிறகு அவர்கள் காரில் ஏறும்வரை அவன் தமிழில் ஒரு சொல் பேசவில்லை. கேட்டதற்கெல்லாம் ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னான்.

அந்தப் பையனிடம் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. வீட்டில் அவன் காதில் விழும் தமிழ் முழுவதும் "வா, உட்கார், சாப்பிடு, பால் குடிச்சியா?" என்று அவனை நோக்கிச் சொல்லப்படுவது, பெற்றோர் தங்களுக்குள் ஆங்கிலத்தில் பேசிக்கொள்கிறார்கள். "வாங்க, சாப்பிடுங்க" என்று ஒரு பெரியவர் இன்னொரு பெரியவரிடம் சொல்லி அவன் கேட்டதே இல்லை என்றால், அந்த வடிவத்தை அவன் எங்கிருந்து எடுப்பான்? அம்மாவை 'நீ' என்றும் அப்பாவை 'நீங்க' என்றும் அழைக்கும் வீடுகள் நம்மிடம் ஏராளம், குழந்தையையே 'வாங்க, போங்க' என்று அழைக்கும் வீடுகள் கொங்குப் பகுதியில் உண்டு. இந்த நுட்பங்களையெல்லாம் காதால் கேட்டுத்தான் பிடிக்க முடியும். ஆகவே பிள்ளையோடு மட்டும் தமிழ் பேசுவது போதாது, பிள்ளைக்கு முன்னால் பெரியவர்களும் தங்களுக்குள் தமிழ் பேச வேண்டும். பிழையாகப் பேசினால் அதட்டாமல், "தாத்தா, நீங்க ஏன் அழறீங்கன்னு கேக்குறியா?" என்று சரியான வடிவத்தை நம் வாயால் சொல்லிக்காட்டினாலே போதும். தமிழ் பேசினால் திட்டு விழும் என்று ஒரு பிள்ளைக்குத் தோன்றிவிட்டால், அடுத்த வார்த்தையை அது எந்த மொழியில் பேசும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

பள்ளியும் அரசும் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடுவது இதோடு ஒட்டிய தவறு. சிங்கப்பூரில் தமிழ் நான்கு ஆட்சிமொழிகளுள் ஒன்று; பள்ளியில் தாய்மொழிப் பாடமாகக் கற்பிக்கப்படுகிறது, நாளிதழும் தொலைக்காட்சி ஒளிவழியும் இருக்கின்றன. அப்படியிருந்தும், வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்னோரின் பங்கு 2010 கணக்கெடுப்பில் 3.3 விழுக்காடாக இருந்து 2020-இல் 2.5 விழுக்காடாகக் குறைந்தது. தமிழ்நாட்டில் 2006-ஆம் ஆண்டுச் சட்டம் தமிழை எல்லாப் பள்ளிகளிலும் படிப்படியாகக் கட்டாயப் பாடமாக்கியது, ஆனாலும் தமிழில் நல்ல மதிப்பெண் வாங்கிவிட்டுக் கல்யாணப் பத்திரிகையை எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைகளை நம் சொந்தத்திலேயே பார்க்கிறோம். 1330 குறளையும் ஒப்பிக்கப் பழக்குவது நல்ல முயற்சிதான், நான் அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அக்காவோடு சண்டை போடவும், வயிற்றுவலியைச் சொல்லவும், கேலி செய்யவும் பிள்ளைக்குத் தமிழ் வேண்டும், அந்தத் தமிழ் வீட்டில்தான் கிடைக்கும்.

அடிப்பதைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனெனில் இதில் வாதிட ஒன்றுமில்லை. "அடி உதவுவது போல அண்ணன் தம்பி உதவ மாட்டான்" என்ற பழமொழியைப் பண்பாடு என்று சொல்லி எடுத்துப்போகும் பெற்றோர், பல நாடுகளில் அது சட்டமீறல் என்பதை அறிந்திருக்க வேண்டும். சுவீடன் 1979-இலும், நார்வே 1987-இலும், ஜெர்மனி 2000-இலும் வீட்டுக்குள்ளும் பிள்ளையை அடிப்பதைத் தடை செய்துவிட்டன. ஸ்காட்லாந்து 2020-இலும் வேல்ஸ் 2022-இலும் அவற்றோடு சேர்ந்தன. இந்தியாவிலும் 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளியில் உடல்ரீதியான தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் தடுக்கிறது. சட்டத்தை விடுங்கள், அடி வாங்கும் பிள்ளை அடுத்தமுறை தவறு செய்யாமலிருப்பதை விட, அதை மறைக்கவே விரைவாகக் கற்றுக்கொள்கிறது.

பெரியவர்களுக்கு மரியாதை என்ற பெயரில், "மாமாவுக்கு முத்தம் கொடு" என்று தயங்கும் குழந்தையைத் தள்ளிவிடுவதும் நிறுத்த வேண்டிய ஒன்று. கைகூப்பி வணங்குவது நம்மிடம் இருக்கும்போது, தொடுதலைக் கட்டாயமாக்க என்ன தேவை? தன் உடம்பின் மீது தனக்கு உரிமை இல்லை என்று நம்பவைக்கப்பட்ட குழந்தைக்கு, வேண்டாத தொடுதலை வீட்டில் வந்து சொல்லும் துணிவு எங்கிருந்து வரும்?

வெளிநாட்டில் நீண்ட காலம் வாழ்வோருக்கென்று தனியாக ஒரு வழுக்கல் உண்டு. 1995-இல் விமானம் ஏறியவர்களுக்குத் தமிழ்நாடு அந்த ஆண்டோடு நின்றுவிடுகிறது. தாவணி, ஆறு மணிக்குள் வீடு திரும்புதல், ஆண் நண்பர்களிடம் பேசாதிருத்தல் என்று தாங்கள் வளர்ந்தபோது இருந்த விதிகளை "நம்ம ஊரில் இப்படித்தான்" என்று மகளிடம் சொல்கிறார்கள். மகள் மதுரைக்குப் போய்ப் பார்த்தால், மாமா பெண் ஜீன்ஸ் அணிந்து, இரவுப் பணி முடிந்து ஸ்கூட்டரில் வீடு வருகிறாள். அன்றைக்கு மகள் இழப்பது அந்த ஒரு விதியின் மீதுள்ள நம்பிக்கையை மட்டுமல்ல, பெற்றோர் சொன்ன மற்றெல்லாவற்றின் மீதும் அவளுக்கு ஐயம் எழுகிறது. அதிலும் அந்த விதிகள் அண்ணனுக்கு இல்லாமல் அவளுக்கு மட்டும் இருந்திருந்தால், பண்பாடு என்ற சொல்லே அவளுக்குக் கசந்துவிடும். உடைக்கு ஒரு கட்டுப்பாடு வேண்டுமென்று நினைத்தால் "எனக்குப் பயமாக இருக்கிறது" என்று உள்ளதைச் சொல்லலாம்.

இன்னொன்றைச் சொல்ல எனக்கே மனம் கனக்கிறது, ஆனால் சொல்லாமல் விட முடியாது. பள்ளி நண்பனின் பெயரைப் பிள்ளை சொன்னதும், "அவங்க என்ன ஆளுங்க?" என்று கேட்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. பிள்ளைக்கு அப்போது பதில் தெரியாது. ஆனால் இது கேட்கப்பட வேண்டிய கேள்வி என்று அன்று தெரிந்துகொள்கிறது, அடுத்த பெயரைக் கேட்டதும் அதுவே யோசிக்கத் தொடங்குகிறது. கடல் கடந்தால் சாதி கரைந்துவிடும் என்பது வெறும் நம்பிக்கைதான். அமெரிக்காவின் சியாட்டில் நகர மன்றம் 2023 பிப்ரவரியில் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்து சட்டம் இயற்ற வேண்டிய நிலை வந்தது. பெரியவரை வணங்குவதும், விருந்தினருக்கு முதலில் பரிமாறுவதும், சாதி கேட்பதும் ஒரே மூட்டையில் கட்டப்பட்டால், நியாயவுணர்வுள்ள பிள்ளை பதினாறு வயதில் அந்த மூட்டையையே தூக்கி எறியும். எதைக் கொடுக்கிறோம், எதை நம்மோடு நிறுத்துகிறோம் என்பதைப் பெற்றோர் இருவரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்ய வேண்டும்.

கடைசியாக, ஞாயிற்றுக்கிழமை வீடியோ அழைப்பு. பாட்டியின் முகம் திரையில் தெரிந்ததும் "ஹாய் சொல்லு, சாப்பிட்டாச்சான்னு கேளு" என்று கைபேசியைப் பிள்ளையின் முகத்துக்கு நேரே நீட்டுகிறோம். பிள்ளை கேட்கிறது, பாட்டி பதில் சொல்கிறார், இரண்டு நிமிடத்தில் பேச்சு தீர்ந்துவிடுகிறது. இரண்டு பேருக்கும் சேர்ந்து செய்ய ஒரு வேலை இருந்தால்தான் பேச்சு வளரும். தோசை மாவுக்கு உளுந்து எவ்வளவு போடுவது என்று பாட்டியிடமே கேட்கச் சொல்லுங்கள். ஒரு கையளவு என்பார் அவர். யார் கையளவு என்று பிள்ளை கேட்கும். பாட்டி திரையில் தன் உள்ளங்கையை விரித்துக் காட்டுவார். அந்த நேரத்தில் நீங்கள் நடுவில் புகுந்து மொழிபெயர்க்காமல், கைபேசியை மாவுப் பாத்திரத்தின் மேல் சாய்த்து வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.