தஞ்சை, கும்பகோணம் சுற்ற வருகிறவர்கள் கோட்டை விடும் இடங்கள்

டெல்டா பக்கம் சுற்றிப் பார்க்க வருகிற பலர் கையில் ஒரு பட்டியலோடு இறங்குகிறார்கள். பெரிய கோயில், தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம், ஒன்பது நவக்கிரகக் கோயில், சுவாமிமலை, முடிந்தால் கல்லணை, நடுவில் ஒரு டிகிரி காபி. எல்லாம் இரண்டு நாளில். தூரத்தை வைத்துக் கணக்குப் போட்டால் முடியும் போலத்தான் தெரியும். தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். அங்கிருந்து தாராசுரமும் சுவாமிமலையும் ஆட்டோவில் போய்விடுகிற தூரம். கணக்கு இடிப்பது நேரத்தில்தான். கோயில் நடைக்கு ஒரு நேரம், ஆற்றுத் தண்ணீருக்கு ஒரு மாதம், பட்டறையில் உலோகம் ஊற்ற ஒரு நாள் என்று இங்கே எல்லாம் தன் போக்கில் நடக்கும். அதை விசாரிக்காமல் கிளம்புகிறவர்கள்தான் "பார்க்க ஒன்றுமே இல்லையே" என்று திரும்புகிறார்கள்.

நண்பகலில் கோயில்

சென்னையிலிருந்து காலையில் காரில் கிளம்பி, வழியில் சாப்பிட்டு, பன்னிரண்டரைக்குக் கோயில் வாசலில் வந்து நிற்பது எல்லாரும் செய்கிற தவறு. இந்தப் பக்கம் பெரும்பாலான கோயில்களில் நண்பகலில் நடை சாத்தினால் மறுபடி திறக்க நாலு மணி ஆகும். உள்ளே விட்டாலும் சித்திரை, வைகாசி வெயிலில் பெரிய கோயில் கல்தரையில் வெறுங்காலோடு பத்தடி வைக்க முடியாது. குழந்தைகள் அழுதுவிடும்.

இரவு ரயிலில் வருவது உத்தமம். சென்னை எழும்பூரிலிருந்து உழவன் எக்ஸ்பிரஸ் ஏறினால் விடியும்போது இங்கே இருக்கலாம். குளித்துவிட்டு நேரே கோயில். பெரிய கோயில் கிழக்குப் பார்த்தது. முகப்பைப் படம் எடுக்கிறவர்களுக்குக் காலை வெயில்தான் தோது. நடு மத்தியானத்தை அரண்மனைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கலைக்கூடத்தில் இருக்கும் சோழர் கால வெண்கலச் சிலைகளைப் பார்க்க ஒரு மணி நேரம் போதாது. பக்கத்திலேயே சரசுவதி மகால் நூலகம். அங்கே பார்வையாளர்களுக்குத் திறந்திருப்பது அருங்காட்சியகப் பகுதி மட்டும். சுவடிக்கட்டுகளைப் புரட்டிப் பார்க்கலாம் என்ற ஆசையோடு போகாதீர்கள், அது ஆய்வாளர்களுக்கானது. வார விடுமுறை எந்த நாள் என்று விசாரித்துக்கொண்டு போவதும் நல்லது.

நிழல் விழாத கோபுரம்

வழிகாட்டி வைத்துக்கொள்வது தவறே இல்லை. ஆனால் அவர் சொல்கிற முதல் மூன்று கதையை வைத்தே ஆளை எடை போட்டுவிடலாம். விமானத்தின் நிழல் தரையில் விழாது, உச்சியில் இருப்பது 80 டன் ஒற்றைக்கல், நந்தி வளர்ந்துகொண்டே போனதால் ஆணி அடித்து நிறுத்தினார்கள். இந்த மூன்றையும் அடுத்தடுத்து எடுத்துவிட்டால் நன்றி சொல்லி அனுப்பிவிடலாம். சாயங்காலம் பிராகாரத்தில் நின்று பாருங்கள், நிழல் நீளமாக விழுந்து கிடக்கும். உச்சிப் பகுதி பல கற்களைச் சேர்த்து அமைத்தது என்பதை ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள். இப்போதிருக்கும் நந்தி நாயக்கர் காலத்தது.

இதில் வருத்தம் என்னவென்றால், உண்மையான சங்கதி இந்தக் கதைகளைவிடச் சுவாரசியமானது. 1010இல் முடிந்த கோயில் இது. ராஜராஜன் தான் கொடுத்ததை மட்டும் கல்லில் வெட்டச் சொல்லவில்லை. அக்கா குந்தவை கொடுத்தது, மனைவியர் கொடுத்தது, மற்றவர்கள் கொடுத்தது என எல்லாவற்றையும் வெட்டச் சொன்னான். ஊர் ஊராகக் கோயிலில் ஆடுகிற தளிச்சேரிப் பெண்கள் 400 பேரைத் தஞ்சாவூருக்கு வரவழைத்துக் குடியமர்த்தியதும் அங்கேதான் இருக்கிறது. எந்தச் சிறகில் (வீட்டு வரிசையில்) எத்தனையாவது வீடு, அதில் இருப்பவள் பெயர் என்ன, எந்த ஊர்க்காரி, ஆண்டுக்குப் பங்கு 100 கலம் நெல் என்று வரிசையாக வெட்டியிருக்கிறார்கள். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஒரு தெருவையே அந்தச் சுவரில் நடந்து பார்க்கலாம். அந்தக் கல்வெட்டு முன்னால் நிறுத்தி நாலு வரி படித்துக் காட்டுகிற வழிகாட்டி கிடைத்தால் கேட்ட காசைக் கொடுங்கள்.

கருவறையைச் சுற்றிய உள்சுற்றில் இருக்கும் சோழர் ஓவியங்களையும், மேல்தளத்தில் இருக்கும் 81 நடனக் கரணச் சிற்பங்களையும் பொதுவாக எல்லாருக்கும் திறந்து விடுவதில்லை. "நான் காட்டுகிறேன்" என்று யாராவது தனியாகக் காசு கேட்டால் நகர்ந்து போய்விடுங்கள்.

தாராசுரத்தில் நடக்கும் தவறு வேறு மாதிரி. அது பெரிய கோயிலின் குட்டித் தம்பி என்று நினைத்து அரை மணியில் முடித்துவிடுகிறார்கள். இரண்டாம் ராஜராஜன் கட்டிய அந்தக் கோயிலில் நேர்த்தி எல்லாம் சிறியதில்தான் இருக்கிறது. விரல் நீளச் சிற்பங்கள், நாயன்மார் கதைகள், ஒரே தலையை யானைக்கும் காளைக்கும் பொதுவாக வைத்த ரிஷபகுஞ்சரம். குனிந்து, உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஒலி எழுப்பும் படிகளுக்குக் கம்பிவேலி போட்டிருக்கிறார்கள். கையை நுழைத்துத் தட்டிப் பார்க்க வேண்டாம்.

ஒன்பது கிரகமும் ஒரே நாளில்

செய்யலாம். அரசுப் போக்குவரத்துக் கழகமே கும்பகோணத்திலிருந்து அப்படி ஒரு சிறப்புப் பேருந்து விட்டிருக்கிறது, தனியார் வேன்களும் உண்டு. ஆனால் வரைபடத்தைப் பாருங்கள். திங்களூர் திருவையாறு பக்கம், மேற்கே. ஆலங்குடி தெற்கே. திருநாகேஸ்வரம், சூரியனார்கோயில், கஞ்சனூர் மூன்றும் கும்பகோணத்தை ஒட்டி. வைத்தீஸ்வரன்கோயில், திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம் மூன்றும் கடலோரம் பார்த்து. திருநள்ளாறு புதுச்சேரி மாநிலக் காரைக்காலில். விடியற்காலை கிளம்பினாலும் நடுவே நடை சாத்துகிற நாலு மணி நேரம் குறுக்கே நிற்கும். காலையில் ஐந்து, மாலையில் நாலு என்று ஓடுகிறவர்கள் சாமியைப் பார்ப்பதைவிட டிரைவர் கடிகாரம் பார்ப்பதைத்தான் அதிகம் பார்க்கிறார்கள்.

வயதான அம்மா அப்பாவோடு வந்தால் இரண்டு நாளாகப் பிரித்துவிடுங்கள். கும்பகோணத்தில் தங்கி மேற்குப் பக்கத்து ஐந்து ஒரு நாள். அடுத்த நாள் மயிலாடுதுறைப் பக்கம் போய்க் காரைக்காலில் முடிக்கலாம். கிழமையையும் பார்க்க வேண்டும். சனிக்கிழமை திருநள்ளாறும் வியாழக்கிழமை ஆலங்குடியும் நெரியும். திருநாகேஸ்வரத்தில் ராகு பகவானுக்குப் பாலாபிஷேகம் ராகு காலத்தில்தான் நடக்கும். பால் நீலமாக மாறும் என்பார்கள், அதைப் பார்க்கத்தான் கூட்டம். ராகு காலம் கிழமைக்குக் கிழமை மாறும் என்பது தெரிந்தும், நாலரைக்கு என்று யாரோ சொன்னதை நம்பித் திங்கட்கிழமை வருகிறவர்கள் இருக்கிறார்கள். நாலரை ஞாயிற்றுக்கிழமைக்கு. திங்கள் காலை ஏழரைக்கே ஆரம்பித்து ஒன்பதுக்கு முடிந்துவிடும்.

வைத்தீஸ்வரன்கோயிலில் இறங்கியதும் நாடி ஜோதிடத்துக்குக் கூப்பிட ஆள் வருவார்கள். நம்பிக்கை உங்கள் சொந்த விஷயம். வேனில் எட்டுப் பேரைக் காக்க வைத்துவிட்டு உள்ளே போகாமல் இருந்தால் சரி.

ஒரே நாளில் தஞ்சாவூர் ஓவியம்

வகுப்புகள்தான் இப்போது புது மோகம். "ஒரு நாளில் ஓவியம் முடித்து வீட்டுக்கு எடுத்துப் போகலாம்" என்று விளம்பரம் இருக்கும். பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஒரு நாளில் உங்கள் கைக்கு என்ன வேலை வருகிறது என்று கேளுங்கள். பலகையில் துணி ஒட்டிப் பூச்சுப் பூச வேண்டும். வரைய வேண்டும். கல் பதித்து, சுண்ணப் பொடியும் கோந்தும் குழைத்த மக்கால் மேடு எழுப்பி, அதன்மேல் தங்க ரேக் ஒட்டி, கடைசியில் வண்ணம். பூச்சும் மக்கும் நன்றாகக் காய்ந்தால்தான் அடுத்த வேலையைத் தொடலாம். ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றில் இன்னும் இழுக்கும். ஒரு நாளில் முடிகிறது என்றால் முக்கால்வாசி வேலையை ஆசிரியர் முன்பே முடித்து வைத்திருக்கிறார், நீங்கள் ரேக் ஒட்டி வண்ணம் அடிக்கப் போகிறீர்கள் என்று அர்த்தம். அது போதும் என்றால் தாராளமாகப் போகலாம், குழந்தைகளுக்கு நல்ல பொழுது. கற்றுக்கொள்ளத்தான் வருகிறீர்கள் என்றால் ஒரு வாரமாவது தங்குங்கள், சின்னப் பலகை எடுங்கள், முதல் நாளே நான்கடி கிருஷ்ணருக்கு ஆசைப்படாதீர்கள். ரேக் அசல் தங்கமா, போலியா என்பதையும் பணம் கட்டுமுன் கேட்டுவிடுங்கள். போலி ரேக் போகப்போகக் கறுத்துவிடும்.

சுவாமிமலைச் சிற்பப் பட்டறை இன்னொரு விதம். தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவம் பிடித்து, அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசி, நிழலில் காயவைத்து, சுட்டு மெழுகை வடியவிட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க முடியும் என்பதால் ஒவ்வொன்றும் தனி. இந்த ஊற்றுகிற காட்சியைப் பார்க்கத்தான் எல்லாரும் வருகிறார்கள், அது தினமும் நடப்பதில்லை. முன்கூட்டியே போனில் கேட்டு அந்த நாளுக்கு ஏற்ப உங்கள் பயணத்தை மாற்றிக்கொள்ளுங்கள். அவர்கள் உங்களுக்காக மாற்ற மாட்டார்கள். கேட்காமல் மெழுகு உருவத்தைத் தொடாதீர்கள். பல நாள் வேலை ஒரு விரல் அழுத்தத்தில் போய்விடும்.

வாங்குகிறவர்களுக்கு ஒன்று. "பழைய சிலை, எங்கள் தாத்தா காலத்தது" என்று யாராவது ரகசியமாகக் காட்டினால் கிளம்பிவிடுங்கள். பெரும்பாலும் பழசாக்கிய புதுசாக இருக்கும். நிஜமாகவே பழசாக இருந்தால் அதைவிட ஆபத்து. 100 வருஷத்துக்கு மேற்பட்ட சிலையைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக 1972ஆம் ஆண்டுச் சட்டம் விடாது. புதுச் சிலைக்கும் ரசீது வாங்குங்கள். விமானத்தில் கொண்டுபோவதாக இருந்தால், இது தொல்பொருள் அல்ல என்று தொல்லியல் துறை தரும் சான்று தேவைப்படலாம் என்பதால் கடையிலேயே பேசிவிடுங்கள்.

திருபுவனம் பட்டு, நாச்சியார்கோயில் குத்துவிளக்கு இரண்டுக்கும் ஒரே அறிவுரைதான்: ஆட்டோக்காரர் கூட்டிப் போகிற கடைக்குப் போகாதீர்கள், அவர் கமிஷன் உங்கள் பில்லில் ஏறும்.

தண்ணீர் இல்லாத காவிரி

ஏப்ரல், மே பள்ளி விடுமுறையில் வந்து, "காவிரி என்றார்களே, மணல்தான் இருக்கிறது" என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள் ஏராளம். மேட்டூரைத் திறப்பது வழக்கப்படி ஜூன் 12, மூடுவது ஜனவரி 28. அணையில் இருப்பு குறைந்த வருஷங்களில் திறப்பு தள்ளிப்போகும். திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்து காவிரி, வெண்ணாறு, புது ஆறு என்று பிரிந்து கடைமடை போய்ச் சேர இன்னும் பல நாள் பிடிக்கும். ஆறும் வயலும் சேர்ந்து கண்ணுக்கு நிறைவாக வேண்டும் என்றால் ஆடிக்குப் பிறகு வாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் பச்சை உச்சத்தில் இருக்கும். மழையும் புயலும் அப்போதுதான். மார்கழி, தை எங்கள் பக்கத்துக்கு நல்ல நாள். சம்பா முற்றி நிற்கும், வெயில் சுடாது, திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனையும் அப்போது வரும். அது புஷ்ய பகுள பஞ்சமி திதியில் நடப்பதால் ஆங்கிலத் தேதி வருஷா வருஷம் மாறும். போன வருஷத் தேதியைப் பார்த்து டிக்கெட் போட்டுவிடாதீர்கள்.

தண்ணீர் வந்துவிட்டால் அடுத்த தவறு அதில் இறங்குவது. கல்லணையிலும் கொள்ளிடத்திலும் வருஷா வருஷம் வெளியூர்க்காரர்கள் முழுகிப் போகிறார்கள். மேலே பார்க்க இடுப்பளவுதான் தெரியும். மணல் அள்ளிய பள்ளம் கீழே எங்கே இருக்கிறதென்று உள்ளூர்க்காரருக்கே தெரியாது. மதகுப் பக்கம் சுழல் வேறு. நீச்சல் குளத்தில் கற்ற நீச்சல் இங்கே உதவாது. ஊர்ப் பெண்கள் துவைக்கிற படித்துறையில் காலை நனைத்துக்கொள்ளுங்கள், போதும்.

தங்குவதும் சாப்பிடுவதும்

கும்பகோணத்தில் அறை தேடுமுன் பஞ்சாங்கத்தைப் பாருங்கள். முகூர்த்த நாளென்றால் கல்யாண வீட்டார் லாட்ஜை மொத்தமாகப் பிடித்திருப்பார்கள். திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணக் கூட்டமும் சேர்ந்தால் மயிலாடுதுறை வரை இடம் கிடைக்காது.

நெடுஞ்சாலை நெடுக 'கும்பகோணம் டிகிரி காபி' என்று பித்தளை டவராவோடு போர்டு வைத்திருக்கிறார்களே, அவற்றை வைத்துக் கும்பகோணம் காபியை முடிவு செய்யாதீர்கள். ஊருக்குள் நடந்து போய், கூட்டமாக இருக்கும் மெஸ்ஸில் குடியுங்கள். இட்லியோடு கடப்பா என்கிற பருப்புக் குழம்பைக் கேளுங்கள்; எல்லா நாளும் எல்லாக் கடையிலும் போட மாட்டார்கள். பத்தரைக்கு எழுந்து வந்தால் டிபன் தீர்ந்திருக்கும். பாசிப்பருப்பில் கிண்டுகிற அசோகா அல்வாவைத் திருவையாற்றில் சுடச்சுட, அங்கேயே நின்று சாப்பிட வேண்டும். பார்சல் கட்டி ஊருக்குக் கொண்டுபோனால் நெய் உறைந்து வேறு பண்டமாகிவிடும்.

கோயில் போதும் என்கிறவர்கள் கடைசி நாளைத் தெற்கே வைத்துக்கொள்ளலாம். கோடியக்கரைக்கு வெளிநாட்டுப் பறவைகள் வருவது மழைக்காலத்தை ஒட்டி. மே மாதம் போனால் வெளிமானையும் வெயிலையும்தான் பார்ப்பீர்கள். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் படகில் போக வனத்துறை அனுமதி வேண்டும். நேரே துறைக்குப் போய்ப் படகுக்காரரிடம் பேரம் பேசி நிற்பதில் பயனில்லை, முந்தின நாளே அலுவலகத்தில் பேசி வைத்துவிட்டுக் காலையில் கிளம்புங்கள். குடிதண்ணீரும் தொப்பியும் மறக்க வேண்டாம், உள்ளே கடை கிடையாது.