பின்னல் மெலியும் இடம்: நடுவயதில் முடியின் நீளத்தை முடிவு செய்வது எப்படி

வட சென்னையின் பழைய வண்ணாரப்பேட்டையில் 19 ஆண்டுகளாகப் பெண்களுக்கான சிறிய பார்லர் ஒன்றை நடத்தி வருகிறேன். எனக்கும் 51 வயதாகிறது. நாற்பத்தைந்தைக் கடந்த பெண்கள் நாற்காலியில் உட்கார்ந்ததும் கைப்பேசியில் யாராவது ஒரு நடிகையின் படத்தைக் காட்டுகிறார்கள், இல்லாவிட்டால் "இந்த வயசுக்கு எவ்வளவு நீளம் இருக்கலாம்க்கா?" என்று கேட்கிறார்கள். வயதுக்கும் நீளத்துக்கும் நேரடியான கணக்கு எதுவும் கிடையாது. இருபத்தைந்து வயதில் இருந்த முடியை மனத்தில் வைத்துக்கொண்டு இன்றைய முடிக்கு நீளம் குறிப்பதிலிருந்துதான் பாதித் தவறுகள் தொடங்குகின்றன. ஆகவே, கத்தரியை எடுப்பதற்கு முன்னால் ஒரு பின்னல் போட்டுப் பார்த்துவிடச் சொல்வது என் வழக்கம்.

எண்ணெய் வைக்காத, நன்றாகக் காய்ந்த முடியைச் சிக்கெடுத்து, இறுக்காமல் நுனி வரைக்கும் ஒற்றைச் சடையாகப் பின்னித் தோளின் மேல் முன்பக்கமாகப் போட்டுக்கொள்ளுங்கள். கழுத்தடியில் பின்னலைச் சுற்றிக் கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் வளையமாகச் சேர்த்து, அந்த வளையத்தை மெல்லக் கீழே இறக்கிக்கொண்டே வாருங்கள். கழுத்தடியில் நிறைந்திருந்த வளையம் ஓரிடத்தில் தளர்ந்து, இன்னொரு பின்னலும் அதற்குள் நுழையலாம் போலத் தோன்றும். அந்த இடத்தில் ஒரு நூலைக் கட்டுங்கள். அதற்குக் கீழே தொங்குவதைத்தான் நம் பக்கத்தில் எலிவால் என்று கேலி செய்வார்கள். நூலுக்கு இரண்டு விரல் கீழே வெட்டினால் உங்கள் முடியால் தாங்க முடிந்த முழு நீளமும் கையில் இருக்கும். அதற்கு மேலே வெட்டுவது உங்கள் விருப்பம், கீழே விடுவது பழக்கத்தின் பிடிவாதம்.

காசிமேட்டில் மீன் விற்கும் ஒருவர் இடுப்பைத் தாண்டிய முடியோடு சில மாதங்களுக்கு முன் வந்தார். நூல் கட்டிப் பார்த்தபோது, தோள்பட்டை எலும்புக்கு நான்கு விரல் கீழேயே பின்னல் பாதியாகியிருந்தது. அதற்குக் கீழே ஒன்றரைச் சாணுக்கு இருந்தது வெறும் இழைகள். நூலைப் பார்த்தவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, வெட்டிவிடச் சொன்னார். மறுபடியும் பின்னியபோது பின்னல் நுனி வரைக்கும் ஒரே தடிமனில் நின்றது. முடி கூடவில்லை, இருந்த முடியே நிறைவாகத் தெரிந்தது, அவ்வளவுதான்.

இப்படி மெலிவதற்குக் காரணம் உண்டு. தலைமுடி சராசரியாக மாதத்துக்கு அரை அங்குலம், ஆண்டுக்கு ஆறு அங்குலம் வளர்கிறது. ஒவ்வொரு மயிர்க்காலும் இரண்டு முதல் ஆறு ஆண்டுகள் வரை வளர்ந்து, பிறகு சுமார் மூன்று மாதம் ஓய்ந்து, அந்த இழையை உதிர்த்துவிட்டுப் புதிதாகத் தொடங்குகிறது. மாதவிடாய் நிற்கும் காலத்தையொட்டி ஈஸ்ட்ரோஜன் குறையும்போது பலருக்கு இந்த வளரும் காலம் சுருங்குகிறது, புதிதாக முளைக்கும் இழையும் மெல்லியதாகிறது. ஐந்து ஆண்டு வளர்ந்த இழை 30 அங்குலத்தை எட்டியிருக்கும். மூன்றே ஆண்டில் உதிர்ந்துவிடும் இழை 18 அங்குலத்தோடு நின்றுவிடும். "முன்னைப் போல வளரவே மாட்டேங்குது" என்று பலர் சொல்லும் குறையின் உள்விவரம் பெரும்பாலும் இதுதான். வேகம் பெரிதாகக் குறைவதில்லை, காலம் குறைகிறது. எந்த எண்ணெயைத் தடவினாலும் அந்த நான்கைந்து ஆண்டை மூன்று நாளில் எட்ட முடியாது.

ஆனால் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது என்பதற்காக மட்டும் வெட்டிக்கொள்ள வருபவர்களை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். நாளொன்றுக்கு 50 முதல் 100 இழை வரை உதிர்வது இயல்பு. டெங்கு போன்ற கடுமையான காய்ச்சலோ அறுவைச் சிகிச்சையோ கழிந்து இரண்டு மூன்று மாதத்தில் கை நிறையக் கொட்டினால், அது பெரும்பாலும் சில மாதங்களில் தானே அடங்கிவிடும். வகிடு மட்டும் அகன்றுகொண்டே போய் உச்சந்தலை தெரியத் தொடங்கினால் அது வேறு வகை. அதைத் தொடக்கத்திலேயே தோல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஸ்டான்லி மருத்துவமனை நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, தோல் நோய்ப் பிரிவும் அங்கே உண்டு. ஹீமோகுளோபின், உடலில் இரும்புச் சத்தின் இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டு ஆகியவற்றுக்கான ரத்தப் பரிசோதனையை மருத்துவர் எழுதித் தருவார். அதிக ரத்தப் போக்கோடு மாதவிடாய் தடுமாறும் வயதில் இரும்புச் சத்து குறைவது சாதாரணம். கத்தரி அதைச் சரிசெய்யாது.

அடுத்தது தண்ணீர். முடியின் நீளத்தைப் பற்றி எழுதுபவர்கள் முக வடிவத்துக்கு நான்கு பக்கம் ஒதுக்கிவிட்டுத் தண்ணீரை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள்; வட சென்னையில் அது தலைகீழாக இருக்க வேண்டும். மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடி நீருக்குள் கடல்நீர் பல கிலோமீட்டர் தூரம் ஏறியிருப்பது நெடுநாளாகத் தெரிந்த செய்தி. காட்டுப்பள்ளியில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தரக்கூடிய கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் 2010இல் தொடங்கப்பட்டது என்றாலும், திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் பல வீடுகளில் தலைக்குக் குளிப்பது இன்னமும் போர் தண்ணீரில்தான். அந்த உப்பு இழையின் மேல் படிந்து முடியைச் சொரசொரப்பாக்குகிறது. வாரத்துக்கு இரண்டு முறை தலைக்குக் குளிப்பவரின் 24 அங்குல முடியில், நுனிப் பகுதி நான்கு ஆண்டுகளாக நானூறுக்கும் மேற்பட்ட முறை அந்தத் தண்ணீரைப் பார்த்திருக்கிறது. நுனி வெடிப்பதில் வியப்பென்ன? ஷாம்பூவோ சீகைக்காயோ எதைத் தேய்த்தாலும், கடைசியாக அலசுவதற்கு மட்டும் குடிநீர் வாரியம் தரும் மெட்ரோ தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். நடுமுதுகு நீளத்துக்கு ஒரு குடம் முழுதும் தேவைப்படும், தோள் நீளத்துக்கு அரைக் குடம் போதும். லாரித் தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் வைக்கும் தெருவில் இருப்பவருக்கு இந்த அரைக் குடமே நீளத்தை முடிவு செய்யப் போதுமான காரணம்.

இனி அன்றாடம். குட்டையாக வெட்டினால் வெயிலுக்கு இதமாக இருக்கும் என்று எல்லோரும் நம்புகிறார்கள். அது பாதி உண்மை. கழுத்தை ஒட்டி நிற்கும் பாப் கட், நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்த்து, பிடரியில் ஈரத் துணியைப் போட்டதுபோல ஒட்டிக்கொள்ளும். அதைத் தூக்கிக் கட்டவும் முடியாது. கழுத்திலிருந்து முழுதாக மேலே நிற்கும்படி வெட்டிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் நண்டு கிளிப்பில் ஒரே சுற்றாக அள்ளி நிறுத்தும் நீளத்தில் விடுங்கள். இடைப்பட்ட நீளம்தான் தொல்லை. 46 வயதில் நானே என் முடியைத் தோளைத் தொடும் அளவில் வெட்டிக்கொண்டு ஆறு மாதம் அவதிப்பட்டேன். நுனி தோளில் இடித்து வெளிப்பக்கமாக வளைந்து நிற்கும், கிளிப் போட்டால் பின்பக்கத்து முடி நழுவி விழும், ரசம் தாளிக்கும்போது முகத்துக்கு வரும். தோளுக்கு இரண்டு அங்குலம் மேலேயோ மூன்று அங்குலம் கீழேயோ நிறுத்தியிருந்தால் இந்தப் பாடு வந்திருக்காது. மற்றவர்களுக்கு வெட்டும் கை தன் தலைக்கு வந்ததும் புத்தி மழுங்கிவிடும் போலும்.

இரண்டு சக்கர வண்டியில் போகிறவர்கள், பின்னால் உட்காருபவர்கள் உட்பட, ஹெல்மெட்டோடு சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும். உச்சிக் கொண்டை ஹெல்மெட்டுக்குள் அடங்காது; பிடரிக் கொண்டை ஹெல்மெட்டை நெற்றிக்குத் தள்ளும்; தாழ்வான தளர்ந்த பின்னல் ஒன்றுதான் பொருந்தும். எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே தினமும் போய் வருபவர் முடியை விரித்துப்போடும் கட் எதையும் தேர்ந்தெடுக்க வேண்டாம். அந்தத் தூசியைக் கழுவ இன்னும் இரண்டு தலைக்குளியல் கூடும், மறுபடியும் உப்புத் தண்ணீர். பூ வைக்காமல் வெள்ளிக்கிழமை வடிவுடையம்மன் கோயிலுக்குப் போக மனம் வராதவர்கள், ஒரு முழம் மல்லியைத் தாங்கக் கிளிப்புக்குப் பிடிமானம் வேண்டும் என்பதையும், தோளுக்கு மேலே போனால் நான்கு விரல் அளவுப் பூவைப் பின் குத்தித்தான் வைக்க முடியும் என்பதையும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

கட்டின் வகையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மெலிந்த முடிக்கு வி கட் வேண்டாம், அது மறுபடியும் எலிவாலைத்தான் உண்டாக்கும். ஆழமான ஸ்டெப் கட்டும் லேயர் கட்டும் இருக்கிற அடர்த்தியைக் கீழ்ப்பகுதியிலிருந்து எடுத்துவிடும். நேர் கட்டோ மிக லேசான யு கட்டோ போதும். அடர்த்தி குறையாதவர்களுக்கு லேயர் கட் அழகாகவே அமையும், பாரமும் குறையும். சுருள் முடிக்காரர்கள் காய்ந்த நிலையில் வெட்டச் சொல்லுங்கள். நனைத்து இழுத்துப் பிடித்து வெட்டினால், காய்ந்தபின் சுருண்டு எதிர்பார்த்ததைவிட இரண்டு மூன்று அங்குலம் மேலே ஏறி நிற்கும். நெற்றியில் விழும் முடி பனியும் மழையும் உள்ள ஊர்களுக்குப் பொருந்தலாம், சித்திரை மாதத்து வியர்வைக்கு அது ஆகாது. முக வடிவத்தைப் பற்றிக் கேட்டால், காதோரத்தில் சிறிது முடியை இறுக்காமல் விட்டால் எந்த முகமும் கொஞ்சம் மென்மையாகத் தெரியும் என்று மட்டும் சொல்வேன்.

வகிட்டை மாற்றிப் பார்ப்பது செலவில்லாத வைத்தியம். முப்பது ஆண்டுகள் ஒரே கோட்டில் நேர் வகிடு எடுத்து, இழுத்து வாரி, இறுக்கிக் கொண்டை போட்டவர்களுக்கு நெற்றியோரமும் வகிட்டோரமும் முடி விலகியிருக்கும். இந்த இழுவை நீடித்தால் அவ்விடத்து மயிர்க்கால்கள் நிரந்தரமாகவே பழுதாகலாம். வகிட்டை அரை அங்குலம் பக்கவாட்டில் நகர்த்தி, சீப்பின் முனையால் கோணலாக எடுத்தால் அகன்ற கோடு மறையும். முதல் பத்து நாள் முடி பழைய பக்கத்துக்கே சாயும். ஈரத்தோடு வாரி, காயும் வரை ஒரு கிளிப்பைக் குத்தி வைத்தால் படிந்துவிடும்.

நரைக்கும் நீளத்துக்கும் உள்ள தொடர்பைப் பலர் யோசிப்பதில்லை. டை அடிப்பவர்களுக்கு மூன்று நான்கு வாரத்திலேயே வேரில் வெள்ளைக் கோடு தெரியும். அது நீளத்தைப் பொறுத்ததன்று. ஆனால் டையை நிறுத்த முடிவு செய்துவிட்டால் நீளம்தான் எல்லாம். ஆண்டுக்கு ஆறு அங்குலம் என்ற கணக்கில், பிடரி அளவு முடியில் கறுப்பு முழுதும் வெட்டுப்பட ஓராண்டுக்குச் சற்று மேல் ஆகும். இடுப்பு நீளத்தில் அது நான்கு ஆண்டுக்கும் மேலான இருநிற வாழ்க்கை. ஆகவே, நிறுத்த நினைப்பவர்கள் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இரண்டிரண்டு அங்குலமாகக் குறைத்துக்கொண்டே வருவது நல்ல வழி. தொடர்ந்து டை அடிப்பதென்றால், ஒவ்வொரு புதிய பொட்டலத்தையும் முதலில் காதுக்குப் பின்னால் சிறிதளவு தடவி 48 மணி நேரம் பொறுத்துப் பாருங்கள். கறுப்பு மெஹந்தி என்று விற்பதில் பல வகைகளில் பிபிடி எனப்படும் ரசாயனம்தான் நிறத்தைத் தருகிறது. ஒவ்வாதவர்களுக்கு அது முகம் வீங்கும் அளவுக்குப் போகலாம். இலையாக அரைத்த மருதாணி வெள்ளை முடிமேல் ஆரஞ்சு நிறத்தைத்தான் கொடுக்கும், கறுப்பைக் கொடுக்காது.

வெட்டுபவரிடம் பேசும் முறையிலும் கவனம் வேண்டும். "ட்ரிம் பண்ணுங்க" என்ற சொல்லுக்கு ஒருவர் அகராதியில் அரை அங்குலம், இன்னொருவர் அகராதியில் நான்கு அங்குலம். அங்குலத்தில் சொல்லாமல், நிமிர்ந்து உட்கார்ந்து, முதுகிலோ தோளிலோ விரலை வைத்து "காய்ந்த பிறகு இங்கே நிற்க வேண்டும்" என்று காட்டுங்கள். பெரிய மாற்றமாக இருந்தால் இரண்டு தவணையாகச் செய்யுங்கள். ஆறு அங்குலத் தவறைத் திருத்த ஓராண்டு காத்திருக்க வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. செவ்வாய், வெள்ளியில் முடி வெட்ட நம் ஊரில் யாரும் வருவதில்லை. அந்தத் தயக்கம் இல்லாதவர்கள் அந்த நாள்களில் வந்தால், அவசரமில்லாமல் நின்று நிதானித்து வெட்டுவோம். வெட்டிய அன்று பார்லரில் சூடு காட்டிப் படிய வைத்த அழகை நம்பாமல், உங்கள் வீட்டுத் தண்ணீரில் நீங்களே அலசிய மூன்றாம் நாள் கண்ணாடியைப் பாருங்கள்.

வீட்டில் மாமியாரும் நாத்தனாரும் நீளப் பின்னல்தான் அழகு என்று சொல்வதைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்றால், பழந்தமிழில் பெண்களின் கூந்தலுக்கு ஐம்பால் என்ற பெயருண்டு. முடி, கொண்டை, சுருள், குழல், பனிச்சை என ஐந்து வகையாக முடித்ததால் வந்த பெயர். முடிப்பதற்கு ஒரே ஒரு வழிதான் உண்டு என்று அக்காலத்திலேயே யாரும் சொல்லவில்லை. எம்.சி. ரோட்டில் பட்டுப் புடவை எடுத்துவிட்டு, பெண்ணின் கல்யாணத்துக்கு நீளப் பின்னல் வேண்டுமே என்று தயங்குபவர்களுக்குச் சவுரி இருக்கிறது. அதற்கு உங்கள் முடியே போதும். வெட்டுவதற்கு முன் பின்னலின் மேலும் கீழும் ரப்பர் பேண்டு போடச் சொல்லி, பின்னலாகவே வெட்டி வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் அலசி, நிழலில் முழுதும் உலர்த்தி, பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். வேர்ப்பக்கம் எது என்று பின்னால் தெரிவதற்கு அந்த முனையில் ஒரு சிவப்பு நூலைக் கட்டிவிடுங்கள். வேரும் நுனியும் தலைகீழாகக் கலந்து கட்டிய சவுரி, தாலி ஏறுவதற்குள் சிக்காகிவிடும்.