மார்க்கெட்டின் மறுவாயிலில் கடல் எந்தப் பக்கம்? மூளையின் இரண்டு திசைச் சட்டகங்களை நீங்களே சோதித்துப் பார்க்கும் முறை

புதுச்சேரிக்குக் குடிவந்த முதல் ஆண்டில், பெரிய மார்க்கெட்டுக்குள் நேரு வீதிப் பக்கமாக நுழைந்து ரங்கப்பிள்ளை வீதிப் பக்கமாக வெளியே வரும்போதெல்லாம், கடலை நோக்கிப் போவதாக எண்ணி மேற்கே நடந்துவிடுவேன். கடைகளை எனக்கு நன்றாக அடையாளம் தெரியும்; பூக்கடை வரிசையும் மீன் பகுதியும் மனப்பாடம். ஆனாலும் தவறு திரும்பத் திரும்ப நேர்ந்தது. அதன் காரணத்தைத் தேடியபோது கற்றுக்கொண்டதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

ஒரு பொருள் எங்கே இருக்கிறது என்பதை மூளை இரண்டு விதமாகக் குறித்துக்கொள்கிறது. ‘எனக்கு வலப்பக்கம், இரண்டு எட்டு தள்ளி’ என்பது தன்மையச் சட்டகம். நாம் திரும்பினால் அந்தக் குறிப்பும் மாறும். ‘கோயிலுக்குத் தெற்கே’ என்பது உலகமையச் சட்டகம். நாம் எப்படி நின்றாலும் அது மாறாது.

தேவையானவை: கட்டம் போட்ட நோட்டு, பென்சில், ஒரு தம்ளர், ஒரு கரண்டி, ஓர் எலுமிச்சம்பழம். கைபேசி வரைபடத்தைக் கடைசியில் சரிபார்க்க மட்டும் எடுங்கள். அப்போதும் வடக்கு மேலே இருக்கும்படி நிறுத்திவையுங்கள். நாம் திரும்பும்போதெல்லாம் தானும் சுழலும் வரைபடம், மூளை செய்ய வேண்டிய மாற்றத்தைத் தானே செய்துவிடுவதால், இந்தப் பயிற்சிக்கு உதவாது என்பது என் உறுதியான கருத்து.

படி 1. வடக்கு நோக்கி நின்று, மேசைமேல் இடமிருந்து வலமாகத் தம்ளர், கரண்டி, எலுமிச்சம்பழம் என்று வையுங்கள். அவற்றை எடுத்துக்கொண்டு, பின்பக்கம் திரும்பி, இன்னொரு மேசையில் ‘அதே மாதிரி’ வைக்குமாறு வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள். தம்ளர் மறுபடியும் அவருடைய இடக்கைப் பக்கம் வந்தால் தன்மையம். மேற்கிலேயே நின்றால் உலகமையம். இரண்டும் சரியான விடைகளே. 1990களில் எரிக் பீடர்சன் என்ற மொழியியலாளர் தமிழ்நாட்டில் இத்தகைய சோதனைகளை நடத்தி, திசைச்சொற்களால் பேசும் கிராமத்தாரும் இடம், வலம் என்று பேசும் நகரத்தாரும் வேறுபடுவதைக் காட்டினார். பண்ருட்டிப் பக்கத்துக் கிராமத்தில் என் பாட்டி, பாயில் உட்கார்ந்திருப்பவரிடம்கூட “கொஞ்சம் கீழண்ட தள்ளி உக்காருப்பா” என்றுதான், அதாவது கிழக்குப் பக்கம் தள்ளி என்றுதான் சொல்வார். அந்தப் பேச்சு எவ்வளவு பெரிய செல்வம் என்பது எனக்கு இந்தச் சோதனைக்குப் பிறகே புரிந்தது.

படி 2. உங்கள் வீட்டிலிருந்து கடற்கரைச் சாலைக்குப் போகும் வழியை, வடக்கு மேலே இருக்கும்படி நினைவிலிருந்து வரையுங்கள். ‘நான் நடக்கும் திசை மேலே’ என்று வரையத் தொடங்கினால் அழித்துவிட்டு மீண்டும் தொடங்குங்கள்.

படி 3. என்னை நெடுநாள் தடுத்து நிறுத்திய இடம் இதுதான். ஆகவே இதைப் பொறுமையாகச் செய்யுங்கள். நேரு வீதியும் மிஷன் வீதியும் சந்திக்கும் இடத்துக்கு அருகே, ஓரமாக, கடலை நோக்கி நில்லுங்கள். ரயில் நிலையம் தெற்கே, அதாவது உங்கள் வலக்கைப் பக்கம். இப்போது உடலைத் திருப்பாமல், மேற்கே பார்த்து நிற்பதாக மனத்துக்குள் மட்டும் எண்ணிக்கொண்டு, அப்படி நின்றால் ரயில் நிலையம் எந்தக் கைப்பக்கம் வரும் என்று உடனே கையைத் தூக்கிக் காட்டுங்கள். இடக்கை எழ வேண்டும். ஆனால் எனக்கு வலக்கைதான் முதலில் அசைந்தது. விரல்கள் தொடையை விட்டு எழுவதை உணர்ந்த பிறகே அதை நிறுத்த முடிந்தது. உண்மையாகவே திரும்பி நின்றபோது எந்தத் தடுமாற்றமும் இல்லை.

1989இல் உளவியலாளர் ஜான் ரைசர் இந்த வேறுபாட்டைச் சோதனையில் காட்டினார்: இடம் பெயர்வதைக் கற்பனை செய்வது எளிது, திரும்புவதைக் கற்பனை செய்வது கடினம். உடல் திரும்பும்போது உட்காதின் அரைவட்டக் குழல்கள் அந்தச் சுழற்சியை மூளைக்குத் தெரிவித்துவிடுகின்றன; கற்பனையில் அந்தச் செய்தி வருவதில்லை, மாறாக உடல் இன்னும் கிழக்கே பார்ப்பதாகவே சொல்லிக்கொண்டிருக்கிறது.

நான் கண்ட தீர்வு இது. ரயில் நிலையத்தை மனத்தில் சுழற்றாதீர்கள். ‘நிலையம் தெற்கு’ என்று முதலில் வாய்விட்டுச் சொல்லுங்கள். அடுத்து, ‘மேற்கே பார்த்தால் தெற்கு இடக்கை’ என்று சொல்லுங்கள். இரண்டு வாக்கியங்களையும் கலக்காமல் இருப்பதே முக்கியம்.

மூளையிலும் இந்த வேலைகள் பிரிந்தே இருக்கின்றன. ஜான் ஓகீஃப் 1971இல் எலியின் ஹிப்போகேம்பஸில் (நினைவுக்கும் இட உணர்வுக்கும் முக்கியமான மூளைப் பகுதி) கண்டறிந்த இட உயிரணுக்கள், திறந்த தளத்தில் எலி எந்தப் பக்கம் பார்த்தாலும், குறிப்பிட்ட இடத்தில் இருக்கும்போது இயங்குகின்றன. தலைத்திசை உயிரணுக்களை ஜேம்ஸ் ராங்க் 1984இல் அறிவித்தார். அவை தலை நோக்கும் திசைக்கேற்ப இயங்குபவை. மே-பிரிட் மோசரும் எட்வர்ட் மோசரும் தம் குழுவினரோடு 2005இல் விவரித்த கட்ட உயிரணுக்கள், தளம் முழுவதையும் முக்கோண ஒழுங்கில் அளக்கின்றன. ஓகீஃபுக்கும் மோசர்களுக்கும் 2014இல் நோபல் பரிசு கிடைத்தது. இவையெல்லாம் உலகமையம் சார்ந்தவை. தன்மையக் குறிப்புகளில், மூளையின் மேல்பின் பகுதியான பரைட்டல் மடலுக்குப் பெரும்பங்கு உண்டு. இரண்டு சட்டகங்களுக்கும் நடுவே மாற்றும் வேலையில், மூளையின் உட்புறத்தில் பின்பக்கமாக உள்ள ரெட்ரோஸ்ப்ளீனியல் புறணி முக்கியமானது. வலப்பக்கத்தில் அந்தப் பகுதி சேதமடைந்த நோயாளிகளைப் பற்றி 1997இல் ஜப்பானிய மருத்துவர்கள் எழுதினார்கள்: பழகிய கட்டடங்களை அவர்கள் அடையாளம் கண்டார்கள், ஆனால் அங்கிருந்து எந்தத் திசையில் போவது என்று சொல்ல இயலவில்லை. என் மார்க்கெட் குழப்பம் நோயன்று. ஆனால் எனக்குத் தடுக்கியது இந்த மாற்றும் வேலையில்தான் என்பதை இந்த விவரம்தான் எனக்குக் காட்டியது.

படி 4. நேரு வீதியிலிருந்து மார்க்கெட்டுக்குள் நுழையும் முன் தெற்கே பார்த்து நிற்கிறீர்கள், கடல் இடப்பக்கம். உள்ளே வானம் தெரியாத சந்துகளில், ஒவ்வொரு திருப்பத்திலும் ‘இப்போது மேற்கு’, ‘இப்போது தெற்கு’ என்று முகம் நோக்கும் திசையை மட்டும் சொல்லிக்கொள்ளுங்கள். மறுவாயிலில் ‘இப்போது தெற்கு’ என்று வெளியே வந்தால் கடல் இடப்பக்கம்தான். ‘இரண்டு இடம், ஒரு வலம்’ என்று திருப்பங்களை எண்ணும் வழக்கத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். மீன் வண்டிக்கு ஒதுங்கும்போது ஒரு திருப்பம் விடுபட்டால் அதற்குப் பின் எல்லாமே பிழையாகிவிடும்.

பின்சேர்க்கை: கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒருவர், சாலைகள் வளைந்து செல்வதால் படி 4 தமக்குப் பலிக்கவில்லை என்று எழுதியிருந்தார். அவர் சொல்வது சரி; புதுச்சேரியின் நேர்வீதிகள் எனக்குச் செய்த உதவியை நான் கவனிக்கத் தவறினேன். மெல்ல வளையும் சாலையில் திரும்புகிறோம் என்ற உணர்வே எழுவதில்லை. சிறு பிழைகள் சேர்ந்துகொண்டே போகும். அங்கே கெடிலம் பாலத்தை அடையும்போது நின்று, ஆறு கடலை நோக்கி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். அந்தப் பக்கம் கிழக்கு. அதை வைத்துத் திசையைத் திருத்திக்கொண்டு மேலே நடங்கள்.