ஊட்டி சரிவில் தோண்டாமல் பாதாளச் சாக்கடைக்கு லைனர் போடும் முறை

மலைச்சரிவில் சாலையைத் தோண்டினால் மேலே நிற்கும் தடுப்புச்சுவரும் ஆட்டம் காணும். அதனால் 600 மி.மீ. கான்கிரீட் குழாய் அரித்துப்போனால் உள்ளேயே லைனர் போடுவதே நல்லது; லைனர் என்பது சூட்டில் இறுகும் ரெசின் என்ற பிசின் ஊறிய துணிக்குழாய். ஊற்று அடங்கியிருக்கும் பிப்ரவரி, மார்ச்சில் வேலையை வையுங்கள்.

மேல் மேன்ஹோலை பிளக்கால் அடைத்து, கழிவுநீரை பம்பு மூலம் கீழ் மேன்ஹோலுக்குத் திருப்புங்கள். காலை நேர வரத்தைத் தாங்கும் பம்பும், மாற்றுக்கு இன்னொன்றும் வேண்டும். ஜெட்டிங் (அழுத்த நீரால் குழாயைக் கழுவுதல்) முடிந்ததும் கேமரா விடுங்கள். குழாயின் உச்சியில்தான் ஹைட்ரஜன் சல்பைடு கந்தக அமிலமாகி சிமென்ட்டைத் தின்னும். கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி தெரிந்தால் பழைய குழாய்க்கு பலமே இல்லை என்று வைத்து லைனர் தடிமனைக் கணக்கிடுங்கள். வீட்டு இணைப்புகள் ஒவ்வொன்றும் எத்தனையாவது மீட்டரில் என்று குறியுங்கள். நீர் கசியும் விரிசல்களை முதலில் அடைக்க வேண்டும். குளிர்நீர் படும் இடத்தில் ரெசின் இறுகாது. பாதுகாப்புக் கருவியின்றி சாக்கடையைச் சுத்தம் செய்ய ஆளை இறக்குவது 2013 சட்டப்படி குற்றம்.

12 மி.மீ. லைனருக்கு மீட்டருக்குச் சுமார் 20 லிட்டர் ரெசின் பிடிக்கும். சட்டைக் கையைப் புரட்டுவதுபோல் தண்ணீர் அழுத்தத்தில் லைனரை உள்ளே புரட்டி இறக்குவார்கள். இங்கே சரிவு எதிரி: 10 மீட்டர் இறக்கத்துக்கு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம் கூடும், கீழ்முனையில் லைனர் இழுபட்டு மெலியும். ஆகவே மேன்ஹோலுக்கு மேன்ஹோல் சிறு துண்டாகப் போடுங்கள், பின்னால் கயிறு பிடித்தே இறக்குங்கள்.

அடுத்தது சூடு: லைனருக்குள் நிரம்பிய தண்ணீரைச் சூடாக்கிச் சுழலவிட்டால்தான் ரெசின் இறுகும். 80 மீட்டர் துண்டுக்கு 21,000 லிட்டர் தண்ணீர் வேண்டும். அதை 15 டிகிரியிலிருந்து 80க்குக் கொண்டுவர, வழியில் இழக்கும் சூட்டைச் சேர்க்காமலே 190 லிட்டர் டீசல் ஆகும். 2,240 மீட்டர் உயரத்தில் காற்று மெலிது. ஜெனரேட்டரைக் கால்வாசி பெரிதாக எடுங்கள். தண்ணீரும் 92, 93 டிகிரியிலேயே கொதிக்கும். அவசரப்பட்டு 90ஐ நெருங்கினால் பம்பில் ஆவி அடைத்துச் சுழற்சி நின்றுவிடும். 80, 82இல் நிறுத்தி நேரத்தைக் கூட்டுங்கள். திரும்பி வரும் தண்ணீரும் அடிப்புற சென்சாரும் ரெசின் அட்டவணையில் உள்ள சூட்டைத் தொட்ட பிறகே நேரம் எண்ண வேண்டும்.

38 டிகிரிக்குக் கீழே வரும்வரை மெதுவாக ஆறவிடுங்கள். சட்டென்று குளிர்ந்தால் லைனர் சுருங்கி இடைவெளி விழும். ரெசினிலிருந்து வரும் ஸ்டைரீன் என்ற நெடியுள்ள ரசாயனம் கலந்த அந்தத் தண்ணீரை ஏரிக்குப் போகும் கோடப்பமந்து கால்வாயில் விடவே கூடாது. லாரியில் ஏற்றி, முன்கூட்டியே அனுமதி வாங்கி, சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்புங்கள்.

வேலைக்கு முந்தின இரவே, வீட்டுக்காரர்களிடம் குளியலறை டிராப்பில் (நாற்றத்தைத் தடுக்க நீர் தேங்கும் வளைவில்) ஒரு வாளி தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள்; டிராப் காய்ந்திருந்தால் நெடி வீட்டுக்குள் ஏறும். லைனர் வீட்டு இணைப்புகளின் வாயை மூடிவிடும்; குழாய்க்குள் ஓடும் ரோபோ கட்டரால் அவற்றைத் திறக்கும்போது தாழ்வான வீடுகளை முதலில் திறங்கள், அங்கேதான் கழிவு முதலில் எதிர்த்து ஏறும்.