ஐஓ-வும் ரோந்து போற பசங்களும் ஒத்துப்போக என்ன செய்யணும்

ராணுவ பட்டாலியன்ல உங்கள புதுசா எதிரியப் பத்தின தகவல் திரட்டுற இன்டெலிஜென்ஸ் ஆபீசரா, அதான் ஐஓ-வா போட்டிருக்காங்கன்னு வைங்க, மேப் ரூம்லயே உக்காந்துடாம மொதல்ல ஒவ்வொரு போஸ்ட்டா ஏறிப் போய்ப் பாருங்க, முடிஞ்சா ஒரு ரோந்துக் குழு கூடவே நடங்க. மேப்ல ரெண்டு கிலோமீட்டர்னு தெரியுறது கார்கில் உயரத்துல, முட்டியளவு பனியில அரை நாளை முழுங்கிடும். அது கால் வலிச்சாத்தான் புரியும், அப்புறம் "அந்த முகட்டை ஏன் பாக்கல"ன்னு கேக்க வாய் வராது.

கிளம்புறவங்ககிட்ட "ஏதாவது கண்ணுல பட்டா சொல்லுங்க"ன்னு சொல்றது வேலைக்காகாது. ஓடைப் பக்கம் காலடித் தடம் இருக்கா, எந்தத் திசையில போகுது, கல்ல அடுக்கி புதுசா சங்கர், அதான் பதுங்குற தடுப்புச் சுவர், கட்டிருக்காங்களான்னு குறிப்பாக் கேளுங்க. உங்ககிட்ட இருக்குற தகவல எவ்வளவு நம்பலாம்னும் சொல்லிடுங்க, சொன்ன ஆள எவ்வளவு நம்பலாம்னு ஏ-லேர்ந்து எஃப், தகவல் எவ்வளவு சரின்னு 1-லேர்ந்து 6-னு கிரேடு போடுறது ஃபைலுக்கு சரி, பசங்ககிட்ட "இது ஒருத்தர் மட்டும் சொன்னது, இன்னும் செக் பண்ணல"ன்னு நேராச் சொன்னாப் போதும்.

திரும்பி வந்ததும் டீ குடுங்க, ஆனா தூங்க விடுறதுக்கு முன்னாடி பேசிடுங்க. லீடர் மட்டும் போதாது, முன்னாடி நடந்த ஸ்கௌட்டும் ரேடியோ ஆபரேட்டரும் வேணும், சுபேதார் சாப் எதிர்ல சிப்பாய் வாய் திறக்க மாட்டான்னா தனியா உக்கார வைங்க. "நாலு பேர் இருந்தாங்க சார்"னு சொன்னா அப்படியே எழுதிடாதீங்க, எண்ணிப் பாத்தியான்னு கேளுங்க. "மூணு பேரப் பாத்தேன் சார், இன்னொருத்தன் இருமுற சத்தம் கேட்டுச்சு"ன்னு வரும். பாத்தது, கேட்டது, யூகம் மூணையும் தனித்தனியா எழுதுங்க. "ஒண்ணும் இல்ல சார்"னு வந்தா முகம் சுளிக்காதீங்க, அதுவும் தகவல்தான், திட்டுனா அடுத்த தடவ எதையாவது கட்டி விடுவாங்க.

பெரும்பாலும் கோட்டை விடுறது இதுக்கப்புறம்தான். குடுத்த தகவல் என்ன ஆச்சுன்னு யாரும் திரும்பிச் சொல்றதில்ல. 1999 மே 3-ஆம் தேதி கார்கில்ல பட்டாலிக் பக்கம் ஆடு மேய்க்கிறவங்க ஊடுருவல் பத்தி ராணுவத்துக்குச் சொன்னாங்க, ஆரம்பத்துல கொஞ்சம் தீவிரவாதிங்கதான்னு நெனச்சாங்க, அப்புறம் பாத்தா பாகிஸ்தானோட நார்தர்ன் லைட் இன்ஃபன்ட்ரி படை. கார்கில் சண்டைக்கப்புறம் அதப் பத்தி ஆராய, பாதுகாப்பு நிபுணர் கே. சுப்ரமணியம் தலைமையில அமைஞ்ச கார்கில் ரிவ்யூ கமிட்டியும், உளவு அமைப்புகளும் அந்தத் தகவல பயன்படுத்துறவங்களும் உக்காந்து பேச முறையான ஏற்பாடே இல்லன்னு எழுதுச்சு. பவர்பாயிண்ட் அழகா இருக்குன்னு பட்டாலியன் தலைவரான சிஓ பாராட்டுவார்தான், போஸ்ட்ல நிக்கிறவனுக்கு அதால என்ன லாபம் சொல்லுங்க. அவனுக்கு ஒரு போன் போட்டு "நீ சொன்ன தடம் பத்தின தகவல் மேல பிரிகேடுக்குப் போயிருக்கு, அந்தப் பக்கம் கண்காணிப்ப கூட்டிருக்காங்க"ன்னு சொல்லுங்க, தப்பான தகவலா இருந்தா அதையும் சொல்லுங்க.

கம்பெனி ஆளுங்களும் ஐஓ-கிட்ட சோர்ஸ், அதான் தகவல் குடுத்தவர், யாருன்னு நோண்டக்கூடாது, அது வெளிய போனா ஒரு உசுருக்கே ஆபத்து. ஐஓ மாறிப் போறப்ப நோட்டுப் புத்தகத்த மட்டும் குடுத்துட்டுப் போகாம, புது ஆள கம்பெனி கம்பெனியா கூட்டிட்டுப் போய் அறிமுகப்படுத்திட்டுக் கிளம்புங்க.